சாம்பிளின் மழைப் பாடம்

தருமபுரி மாவட்டத்தில் ஒழுங்காகப் பாடம் நடத்தியே ஃபெயில் ஆன ஒரே ஆள் எங்கள் சாம்பிள்தான்.

எண்பதுகளில், ஆசிரியர் பயிற்சி விடுதியில் அவனும் நானும் ஒரே அறை. சித்தேரி மலைக்காரன். பள்ளிகளுக்குப் பாடம் நடத்தப் போகும்போது நாங்களெல்லாம் சார்ட்டில் படம் வரைந்து கொண்டு போவோம். வருஷக் கடைசியில் அந்த சார்ட்டுகளையும் ரெக்கார்டுகளையும் தேர்வாளர் முன்னால் அடுக்க வேண்டும். அடுக்கின உயரத்துக்குத்தான் மார்க். இவனோ, பூவைப் பற்றிப் பாடம் என்றால் பூவையே பறித்துக்கொண்டு போவான். 'சாம்பிள்' என்ற பெயர் வந்தது அப்படித்தான்.

தேனீ பாடத்துக்கு ஒரு தேனடையே வந்தது. "ஈயெல்லாம் ஓட்டியாச்சுங்க சார்" என்று வகுப்பாசிரியரிடம் சத்தியம் செய்தான். ஓடாமல் உள்ளே இருந்தவை அவர் முகத்தில் உட்கார்ந்தன. மறுநாள் அவரை அவர் வீட்டிலேயே யாருக்கும் அடையாளம் தெரியவில்லையாம்.

ஆட்டுப் பாடத்துக்கு ஆடு. மைதா பசை வாசனை பிடித்து, நான் உயிரைக் கொடுத்து ஒட்டிய சார்ட்டை அது மென்று முடித்தது. "பாத்துக்குங்க பசங்களா, மொதல்ல முழுங்கும், அப்புறமா அசை போடும்" என்று அவன் பாடத்தைத் தொடர்ந்தான்.

மழைப் பாடத்தை மழை வந்த பிறகுதான் நடத்துவேன் என்று அடம் பிடித்தான். எங்கள் தருமபுரியில்! காத்திருந்து காத்திருந்து ஒரு நாள் பெய்தது. வகுப்பு மொத்தத்தையும் வெளியே இறக்கி நனையவிட்டான். தலைமையாசிரியர் குடையோடு கத்திக்கொண்டு நின்றார்.

"ஏன்டா, ஒரு படம் வரைஞ்சா குறைஞ்சா போயிருவ?" என்றேன்.

"எங்க மலையில பள்ளிக்கூடம் இருக்குடா, வாத்தியாருதான் மேல ஏற மாட்டேங்கறாரு. நான் பாஸ் பண்ணி அங்கயே போயிரணும். அங்க சார்ட்டுக்கு எங்கடா போறது? இருக்கறத வெச்சித்தான நடத்தணும்?"

அதற்குப் பிறகு நான் கிண்டல் செய்யவில்லை. தேர்வு நெருங்கியதும் விடுதியில் எல்லோரும் ஆளுக்கொரு சார்ட் வரைந்து தருவதாகச் சொன்னோம். "செய்யாதத செஞ்சேன்னு அடுக்கச் சொல்றியா?" என்று மறுத்துவிட்டான்.

தேர்வன்று எங்கள் மேசைகள் ஜவுளிக்கடை மாதிரி ஜொலித்தன. அவன் மேசையில் ஒரு காய்ந்த கேழ்வரகுக் கதிர்.

"வருஷமெல்லாம் செஞ்சது எங்கய்யா?" என்றார் தேர்வாளர்.

"தேனப் பசங்க தின்னுட்டாங்க. ஆடு சந்தைக்குப் போயிருச்சு. மழை பேஞ்சு ஓஞ்சிருச்சுங்க சார். பசங்களக் கூப்பிட்டுக் கேட்டுப் பாருங்க."

"பசங்கள ஃபைல்ல வெக்க முடியுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். ஃபெயில் போட்டுவிட்டார்கள்.

அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம் என்று அரூர் பஸ் ஏறினான். அந்த அடுத்த தடவை வரவே இல்லை. மலையில் காய்ச்சல் கண்டு, கட்டிலில் வைத்துத் தூக்கி வந்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரிக்கு வந்து சேரும் முன்னாலேயே உயிர் போய்விட்டது. அந்தத் தேர்வாளரை நான் திட்டிய திட்டை, மாதாகோவிலில் பாதிரியாரிடம் செய்யும் பாவசங்கீர்த்தனத்தில் கூடச் சொல்லவில்லை. அவன் மலைப் பள்ளிக்கூடத்துக்கு யார் போனார்கள் என்றும் தெரியவில்லை.

எனக்குக் கம்பைநல்லூர் பக்கம் வேலை கிடைத்தது. மழைப் பாடத்தை மட்டும் நான் வரிசைப்படி நடத்துவதில்லை. ஆய்வுக்கு வருபவர்கள் கேட்டால் "மழை வரட்டுங்க சார்" என்பேன். முதல் தூறல் விழுந்ததும் பிள்ளைகளை வெளியே விட்டுவிட்டுச் சொல்வேன்:

"இத நான் கொண்டாரல கண்ணுங்களா. எங்க சாம்பிளு அனுப்பியிருக்கான்."