எழும்பிப் போக ஏலாத கூட்டம்

திருகோணமலையில் ஆக்காட்டு டொக்டரிடம் "மாட்டேன்" என்று சொன்ன மனிதர் இன்னும் பிறக்கவில்லை. அந்தச் சொல்லைச் சொல்ல உதடு இரண்டும் ஒருதரமாவது ஒட்ட வேண்டும். அவர் ஒட்ட விடமாட்டார். "ஆக்காட்டும் பிள்ளை, இன்னும் பெரிசா... ஆ, அப்பிடியே இரும்" என்று வாய்க்குள் கண்ணாடியையும் கொக்கியையும் விட்ட பிறகுதான் கதையையே தொடங்குவார்.

ஓர்ஸ் ஹில் ஏற்றத்தில் அவருடைய பல் கிளினிக். வாசல் பலகையில் முழுப்பெயரும் பட்டங்களும் உண்டு. ஆனால் கன்னத்தைப் பொத்திக்கொண்டு வருகிறவர் நின்று பலகை வாசிப்பாரா? ஊருக்கு அவர் ஆக்காட்டு டொக்டர்தான்.

எங்கள் தொழில்வாண்மைப் பெண்கள் சங்கத்துக்கும் அவர்தான் தலைவி. சட்டத்தரணி, கணக்காளர், பொறியியலாளர், மிருக வைத்தியர் என்று மாவட்டத்தில் படித்து உத்தியோகம் பார்க்கிற பெண்கள் சேர்ந்த சங்கம். சேர்ந்த என்பதைவிட, சேர்க்கப்பட்ட. என்னையும் அந்தப் பல் கதிரையில் வைத்துத்தான் பிடித்தார். நான் பொறியியல் முடித்து வேலைக்கு வந்த புதிது. கடைவாய்ப் பல்லில் ஓட்டை.

"நீர் எஞ்சினியர் எல்லே?"

"ஆ."

"எங்கட சங்கத்தில சேருவீர்தானே?"

"ஆ... ஆ..."

"பாத்தீரே, ரெண்டுதரம் ஓம் எண்டுறா. நல்ல பிள்ளை" என்று தாதியிடம் சொன்னார். நான் வாய் கொப்பளித்து நிமிர்வதற்குள் அங்கத்தவராகியிருந்தேன். அடுத்த தடவை போனபோது உபசெயலாளர். அதற்குப் பிறகு பயத்திலேயே இரண்டு வேளையும் பல் விளக்கத் தொடங்கினேன்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். என் முதல் கட்டட வேலையில் ஒப்பந்தக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "தங்கச்சி, போய் எஞ்சினியர் சேரைக் கூட்டிக்கொண்டு வாங்கோ" என்றார். நான்தான் அந்த 'சேர்' என்று எத்தனை தரம் சொல்லியும் நம்பவில்லை. இரவு சங்கத்து வட்ஸ்அப் குழுவில் புலம்பினேன். விடிய, சேறு மிதித்துக்கொண்டு டொக்டரும் எங்கள் சட்டத்தரணி அக்காவும் வந்து என் இரண்டு பக்கமும் நின்றார்கள். டொக்டர் அந்த மனுசனின் பற்களை மட்டும் உற்றுப் பார்த்தார். அன்று பின்னேரமே நான் 'மிஸ்' ஆகிவிட்டேன்.

அப்படிப்பட்ட சங்கம்தான் மூடப்படும் நிலைக்கு வந்தது. வருகிற பொதுக்கூட்டத்தில் புதிய தலைவரையும் வேலைத்திட்டத்தையும் தெரிவுசெய்யாவிட்டால் சங்கத்தைக் கலைக்க வேண்டும் என்று சங்கத்தின் யாப்பு விதி சொன்னது. அதற்கென்ன, தெரிவுசெய்தால் போயிற்று என்பீர்கள். எங்கள் கூட்டத்தை நீங்கள் பார்த்ததில்லை.

நிகழ்ச்சி நிரலின் கடைசி விடயம் எப்போதும் "சங்கத்தின் எதிர்காலம்". அதற்கு முந்தியது தேநீர். ரோல்ஸ் வயிற்றுக்குள் இறங்கியதும் ஒவ்வொருவராக எழும்புவார்கள். ஒருவருக்கு மகனை ரியூஷன் வகுப்பிலிருந்து கூட்டிவர வேணும். ஒருவருக்கு மாமி வீட்டில் தனிய. நீதிமன்றத்தில் பேசத் தொடங்கினால் நீதவானே மணிக்கூட்டைப் பார்க்குமளவு பேசுகிற எங்கள் சட்டத்தரணி அக்காவுக்கு, எப்போதும் பஸ் போய்விடும். அவரிடம் கார் இருக்கிறது.

"எதிர்காலத்தை முதலாவதாப் போட்டா என்ன டொக்டர்?" என்று கேட்டேன்.

"போட்டுப் பாத்தனான். எல்லாரும் பிந்தி வந்தவை."

"தேத்தண்ணியை நிப்பாட்டினா?"

"ஒருத்தரும் வரேல்ல."

அவருக்கு அந்த யோசனை உதித்த நிமிஷத்தில் நான் பக்கத்தில்தான் இருந்தேன். வழமைபோலக் கூட்டம் கலைந்து, மண்டபத்தில் டொக்டரும் நானும் மிச்சம். வாசலில் ஒரு மான். கோட்டைப் பக்கத்து மான்கள் எங்கள் ஊரில் ரோட்டெல்லாம் திரியும். இது ரோல்ஸ் தூளுக்கு வந்திருந்தது.

"இதாவது கடைசிமட்டும் நிக்குது. கை தூக்க ஏலாது, அதுதான் குறை" என்றார் டொக்டர். பிறகு ஜன்னலால் துறைமுகத்தைப் பார்த்தார். மூதூருக்கான கடைசி லாஞ்ச் படகு புறப்பட்டுப் போய்க்கொண்டிருந்தது. அவருடைய முகத்தில், சொத்தைப் பல்லைக் கண்டுபிடித்தபோது வருகிற அந்த வெளிச்சம்.

"பிள்ளை, அந்த லாஞ்சில இருக்கிற ஆராவது பாதியில எழும்பிப் போகினமே?"

"கடலுக்குள்ள எங்க டொக்டர் போறது?"

"அதைத்தான் நானும் சொல்லுறன்."

வட்ஸ்அப்பில் அறிவித்தல் போனது: பொதுக்கூட்டம் மூதூரில், மத்தியானம் பிரியாணி. ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. சட்டத்தரணி அக்கா கறுப்புக் கண்ணாடி போட்டு வந்தார். கரை கொஞ்சம் சின்னதாகியதும் டொக்டர் எழும்பி, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"கூட்டம் இப்ப தொடங்குது. முதலாவது விடயம், சங்கத்தின் எதிர்காலம். ரெண்டாவது விடயம் இல்லை."

சட்டத்தரணி அக்கா கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிக் கரையைப் பார்த்தார். "டொக்டர், இது சட்டவிரோதமாத் தடுத்து வைக்கிறது!"

"ஓம். மூதூரில இறங்கி வழக்குப் போடும். அதுவரைக்கும் எதிர்காலத்தைப் பற்றிக் கதையும்."

நான் இதற்காகவே நாற்பது ஸ்லைடில் ஐந்தாண்டுத் திட்டம் ஒன்று தயாரித்திருந்தேன். மடிக்கணினியைத் திறந்து "எமது தூரநோக்கு" என்று தொடங்கினேன். ஓர் அலை வந்து தூரநோக்கின் மேல் படாரென்று அடித்தது. முப்பத்தொன்பது ஸ்லைட் இன்றுவரை உப்பில் இருக்கிறது.

பிறகு எல்லோரும் கடலையே பார்த்தார்கள். மிருக வைத்தியருக்கு அலையில் ஓங்காளம். அப்போதுதான் பின் வரிசை வாங்கிலிருந்து ஒரு குரல் வந்தது. ரிஸானா, மூதூர்க் கணக்காளர்; விடியவே அலுவலாகத் திருகோணமலைக்கு வந்து ஊர் திரும்பிக்கொண்டிருந்தார். பல் கதிரையில் சேர்ந்தவர்தான். ஆனால் ஒரு கூட்டத்திலும் நாங்கள் அவரைக் கண்டதில்லை.

"நான் இண்டைக்குத்தான் முதல்தரம் வாறன். ஏன் தெரியுமா? இண்டைக்குத்தான் கூட்டம் எங்கட பக்கம் வருது. நீங்க ஓர்ஸ் ஹில்ல பின்னேரம் கூட்டம் வெச்சா, முடிஞ்சு நாங்க எப்பிடி ஊருக்குத் திரும்புற? மூதூர்லயும் தோப்பூர்லயும் படிச்ச பொம்புளையள் இல்லையா? இருக்கிறவங்க எழும்பிப் போறாங்க எண்டு கவலைப்படுறீங்க. வர ஏலாதவங்களப் பத்தி ஆராச்சும் கேட்டீங்களா?"

என் வாழ்க்கையில் முதல்தடவையாக, டொக்டர் ஆக்காட்டிக்கொண்டு நின்றார்.

அதற்குப் பிறகு லாஞ்ச் சந்தையாகிவிட்டது. கூட்டத்தை ஊர் ஊராக வைக்க வேணும் என்றார் ஒருவர். மாதம் ஒருதரம் இலவசச் சட்ட ஆலோசனை என்றார் சட்டத்தரணி அக்கா, பஸ்ஸையே மறந்து. மிருக வைத்தியர் ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மறு கையை உயர்த்தினார். பக்கத்தில் கோழிக்கூட்டோடு இருந்த ஓர் ஐயாகூட இரண்டு பிரேரணைக்குக் கை தூக்கினார். கரை தெரியத் தொடங்கியதும் டொக்டர் லாஞ்ச் ஓட்டுகிற முஸ்லிம் அண்ணரிடம் ஓடினார்.

"நானா, கொஞ்சம் மெதுவா விடுங்கோ."

"டொக்டர், இதுக்கும் மெதுவா விட்டா பின்னுக்குப் போகும்."

"உங்கட ஞானப்பல் பிடுங்கிறது திங்கக்கிழமை எல்லே?"

இயந்திரச் சத்தம் உடனே பாதியாகக் குறைந்தது.

என்றாலும் மூதூர் வந்துவிட்டது. கயிறு கட்டியாயிற்று. கோழிக்கூடு இறங்கியாயிற்று. எங்களில் ஒருவரும் எழும்பவில்லை.

"இறங்குங்க! நான் திரும்பிப் போகணும்!" என்று நானா கத்தினார்.

"பொறுங்கோ நானா, முக்கியமான கதை நடக்குது" என்றார் சட்டத்தரணி அக்கா. ரிஸானாவைத் தலைவியாக அவரே பிரேரித்தார். எல்லாக் கைகளும் உயர்ந்தன. நான் சந்தோஷத்தில் டொக்டரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் இருந்த இடத்தில் ஆளில்லை.

இறங்குதுறைக்கு அப்பால், தேத்தண்ணிக் கடை வாசலில் நின்றுகொண்டிருந்தார். கைப்பை கக்கத்தில். முதுகு எங்கள் பக்கம்.

"டொக்டர், கூட்டம் இன்னும் முடியேல்ல!"

அவர் திரும்பவில்லை. சேலைத் தலைப்பால் முகத்தை ஒருதரம் துடைத்தார். "எனக்கு பஸ் போயிடும், பிள்ளை."

அடுத்த கூட்டம் தோப்பூரில். ஒரு பாடசாலை மண்டபம். நான்கு பக்கமும் கதவு, நான்கும் திறந்தே இருக்கும். எதிர்காலத்தைத் தேநீருக்குப் பிறகுதான் போட்டிருக்கிறோம். போகிறவர்கள் போகலாம், பார்ப்போம். ஒரேயொரு சிக்கல்: "இனிப் புது ஆக்கள் பாக்கட்டும், நான் வரேல்ல" என்று டொக்டர் அறிவித்துவிட்டார்.

என் பல்லில் ஒரு குறையும் இல்லை. இருந்தாலும் கிளினிக்கில் கடைசி நம்பர் எடுத்து வைத்திருக்கிறேன். அந்த நேரத்துக்கு அவருக்குக் களைப்பில் கொட்டாவி வரும். வாய் முழுதாகத் திறந்ததும் கேட்கப் போகிறேன்: "தோப்பூருக்கு வருவீங்கள்தானே, டொக்டர்?"

அவருடைய சட்டப்படி "ஆ" என்றால் ஓம்.