ஒரே ஏட்டில் காட்டுங்கள்

கட்டுரையை எழுதியவர் பெயரைப் பார்த்ததும் பேராசிரியருக்கு வாயிலிருந்த காபி கசந்தது.

நெட்டை! கல்லூரி விடுதியில் நான்கு வருஷம் இவரோடு ஒரே அறையில் இருந்தவன். அவனுடைய ஆராய்ச்சிக் கட்டுரையை வெளியிடலாமா, கூடாதா என்று பார்த்துச் சொல்லும்படி ஒரு பெரிய பத்திரிகை இவருக்கு அனுப்பியிருந்தது. மதிப்பிட்டது யார் என்பது ரகசியமாகவே இருக்கும்.

"என்னங்க, பல் வலியா?" என்றாள் மனைவி.

"நெட்டை மீக்கடத்தி கண்டுபிடிச்சிருக்கான்."

"அப்படின்னா?"

"நல்லாக் குளிர வச்சா மின்சாரம் கொஞ்சங்கூடத் தடையில்லாம ஓடும். ஏடு ஏடா இருக்கிற ஒரு பொருளை டேப்ல ஒட்டி உரிச்சு உரிச்சு, மூணே ஏடாக்கி அதுல ஓட விட்டிருக்கான். ஒரு ஏடுன்னா சில அணு தடிமன்தான்."

"நீங்களும் ஆறு வருஷமா அதைத்தானே உரிச்சிக்கிட்டிருக்கீங்க?"

பேராசிரியர் காபியைக் கீழே வைத்தார். அவர் உரித்ததெல்லாம் காற்றுப் பட்டே வீணாய்ப் போயிருந்தது.

கட்டுரையைப் பதினோரு தடவை படித்தார். குற்றம் ஒன்றும் அகப்படவில்லை. கடைசியில் எழுதினார்: 'அளக்கும் கம்பி கழன்றிருந்தாலும் கருவி தடை பூஜ்யம் என்றுதான் காட்டும். கம்பிகளை மாற்றி, புதிய துண்டுகளில் மறுபடி அளக்கவும்.'

இரண்டு மாதத்தில் பதில் வந்தது. புதிதாக ஐந்து துண்டுகள். ஐந்திலும் பூஜ்யம். 'அரிய ஆலோசனைக்கு நன்றி' என்று வேறு.

"ஒரு துண்டுன்னா ஏதோ குருட்டாம்போக்குன்னு தள்ளியிருக்கலாம். நானே ஆறாக்கிக் குடுத்துட்டேன்!"

அடுத்து காந்தத்தைப் பிடித்தார். மீக்கடத்திக்கும் காந்தத்துக்கும் ஆகாது. பலமான காந்தத்தில் வைத்துக் காட்டும்படி எழுதிவிட்டுக் கையைத் தேய்த்துக்கொண்டார்.

துண்டு அசைந்து கொடுக்கவில்லை. கணக்குப்படி தாங்க வேண்டியதைப் போல ஐந்து மடங்கு தாங்கியது. முதலில் வெறும் நல்ல கட்டுரையாக இருந்தது, இப்போது அதிசயமாகிவிட்டது.

அந்த வாரம் நெட்டையே போன் செய்தான்.

"டேய், எவனோ ஒருத்தன் என் உயிரை எடுக்கிறான்டா."

"யாரா... இருக்கும்?"

"யாரோ. ஆனா ஆள் கெட்டிக்காரன். எனக்குத் தோணாததையெல்லாம் கேக்கறான்."

பேராசிரியருக்கு ஒரு கணம் பெருமையாக இருந்தது. பெருமைப்பட்டதற்காகத் தன் மேலேயே எரிச்சல் வந்தது. அந்தச் சூட்டிலேயே எழுதினார்: 'மூன்று ஏடு போதாது. ஒரே ஏட்டில் காட்டுங்கள்.'

"ஏங்க, அது முடியுமா?" என்றாள் மனைவி.

"முடியாது. அதனாலதான் கேட்டேன்."

நான்கு மாதம் சத்தமில்லை. பேராசிரியர் நன்றாகத் தூங்கினார். இரண்டு கிலோ ஏறினார். ஐந்தாவது மாதம் பதில் வந்தது. காற்றுப் படாமல் வேறொரு பொருளின் இரண்டு ஏடுகளுக்கு நடுவே வைத்துப் பொதிந்து, ஒற்றை ஏட்டிலேயே மின்சாரத்தை ஓட விட்டிருந்தான் பாவி.

இனிக் கேட்க எதுவும் இல்லை. பத்திரிகை அதை அட்டைப்படமாகவே போட்டது. விருது வந்தது. விருதுக்கு நெட்டை வீட்டில் விருந்து வந்தது. தப்பிக்க வழியில்லாமல் மனைவியோடு போனார்.

கூடத்தில் நெட்டை பத்துப் பேர் நடுவில் நின்று பேசிக்கொண்டிருந்தான். "கட்டுரை இவ்வளவு பெரிசானதே அந்த மதிப்பீட்டாளராலதான். விருதுல பாதி அவருக்குச் சேரணும்!"

எல்லோரும் கைதட்டினார்கள். பேராசிரியரும் தட்டினார். 'நான்தான்' என்று சொல்லிக்கொள்ள முடியவில்லை. பேர் தெரியாத அந்த ஆளின் மேலும் இப்போது அவருக்குப் பொறாமையாக இருந்தது.

தட்டை நீட்டிய நெட்டையின் மனைவியிடம் மெல்லச் சொன்னார்: "பாவம்மா, அந்த மனுஷன் யாருன்னே தெரியாமப் போயிடுச்சு."

"தெரியாம என்னண்ணா? யாருக்கு அனுப்பலாம்னு பத்திரிகைக்காரங்க கேட்டப்போ, 'வயித்தெரிச்சல் பட்டவன்தான் ஒரு வரி விடாமப் படிப்பான்'னு சொல்லி, இவருதானே உங்க பேரை எழுதிக் குடுத்தாரு!"