முதல் காப்பு

இனி ஒரு நாள்கூடப் பெரட்டுக்குப் போவதில்லை என்று தம்புசாமி முடிவெடுத்தான். சாதாரண முடிவா? மீசையை முறுக்கிக்கொண்டு எடுத்த முடிவு. வழக்கமாக அவன் முடிவுகள் சாப்பாட்டு நேரம்வரைதான் தாங்கும். இது சாப்பிட்ட பிறகும் தாங்கியது. அதனால் அவன் மனைவி கருப்பாயிக்குக் கொஞ்சம் கவலை வந்தது.

விஷயம் இதுதான். ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டும் தம்புசாமிக்கு மேலே கங்காணியாக வாய்த்தவன் மாயாண்டி. கருப்பாயியின் கூடப்பிறந்த அண்ணன். விடிந்தும் விடியாமலும் ஆள் எண்ணுகிற பெரட்டில், அத்தனை பேர் முன்னாலும், "மாப்புள்ள, நேரா நில்லுங்க" என்பான். மாப்பிள்ளைக்கு உடம்பெல்லாம் எரியும். பொறுத்துப் பார்த்துவிட்டுத் துரையிடம் ஒரு மாத நோட்டீஸ் கொடுத்தான். பாதி மாதம் கழிவதற்குள், மலாக்காவுக்கும் கோலா சுங்கை பாருவுக்கும் ஓடுகிற பஸ்ஸில் டிக்கட் கொடுக்கும் வேலை வந்து நின்றது. காக்கிக் கோட்டு, தோளில் தோல்பை, வாயில் விசில். ஆசை யாரை விட்டது?

"நாளைக்கே கெளம்புறோம்."

"நோட்டீசு முடியலையேங்க?"

"நோட்டீசாவது கீட்டீசாவது! உங்கண்ணன் மூஞ்சில இனிமே முழிக்க மாட்டேன்லா."

"உங்கள நம்பி வேலைக்குச் சேத்தது அண்ணன். நீங்க ஓடிப்போனா அதுதான் துரைக்கு முன்னால தலகுனியணும். என்னயும் ஓடிப்போனவன் பொண்டாட்டின்னுதான் சொல்வாங்க."

"சொல்றவன் சொல்லட்டும். எடுத்த முடிவு எடுத்ததுதான்!"

கருப்பாயி அதற்குமேல் வாய் திறக்கவில்லை. அவள் பேசாமல் இருந்தால்தான் பயப்பட வேண்டும். இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியும் தம்புசாமிக்கு இது பிடிபடவில்லை.

அன்று சாயங்காலம் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் காப்புக் கட்டு. மஞ்சள் கயிற்றைக் கையில் கட்டிக்கொண்டவன் திருவிழா முடிந்து அதை அவிழ்க்கும்வரை தோட்டத்து எல்லையைத் தாண்டக்கூடாது. கள்ளும் கூடாது, கவிச்சியும் கூடாது. தவழ்கிற பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி. தம்புசாமிக்கும் நன்றாகவே தெரியும்.

"ஆத்தாளுக்கு ஒரு கும்புடு போட்டுட்டு வந்துருவோங்க" என்று கருப்பாயி அழைத்துப் போனாள். கூட்டத்தில் காதோடு சொன்னாள்.

"பூசாரி மொதக் காப்ப உங்களுக்குக் கட்டணும்னு இருந்தாராம். அண்ணன் நடுவுல பூந்து, கங்காணிக்குத்தான் மொதலு, மாப்புள்ளைக்கு அப்புறம்னு நிக்குதாம்."

"யாரு, அவனா?"

"சத்தம் போடாதீங்க. நீங்க ஒதுங்கிக்கங்க."

ஒதுங்குவதா! தம்புசாமி கூட்டத்தை இடித்துக்கொண்டு போய், மச்சானின் மூக்கு முன்னால் வலது கையை நீட்டினான். பூசாரி கட்டினார். மேளம் முழங்கியது, பெண்கள் குலவையிட்டார்கள். மாயாண்டியே கையெடுத்து, "சாமி!" என்று கும்பிட்டான். தம்புசாமிக்கு நெஞ்சு நிமிர்ந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக மச்சானை ஜெயித்துவிட்டான். அந்தச் சந்தோஷத்தில் மற்றதெல்லாம் மறந்துபோனது.

மறுநாள் விடியற்காலை. பெரட்டுக்கு இன்னும் நேரம் இருந்தது. தோட்டத்து எல்லையில் பாலத்துக்கு இந்தப் பக்கம் தகரப்பெட்டியோடு தம்புசாமி. பின்னால் மூட்டையோடு கருப்பாயி. பஸ் வந்தது. நிறுத்தச் சொல்லி வலது கையை உயர்த்தினான். கையில் மஞ்சள் கயிறு.

உயர்த்திய கை அப்படியே நின்றது.

"ஏறலையாங்க?"

"கருப்பாயி... காப்பு!"

"ஆத்தாடி! ஆமால்ல?" என்று கன்னத்தில் கைவைத்தாள். ஒத்திகை பார்த்த மாதிரி இருந்தது. "ஆத்தா எல்லையத் தாண்ட முடியாதே. நீங்க பெரட்டுக்குப் போங்க. நான் போயி பஸ் மொதலாளிகிட்டப் பேசிட்டு வந்துடுறேன்."

மூட்டையை ஒரு விரலில் தூக்கிக்கொண்டு ஏறிவிட்டாள். அந்த மூட்டையில் ஒருவேளைச் சோற்றைத் தவிர வேறொன்றும் இல்லை என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

பெரட்டில் மாயாண்டி பயபக்தியோடு சொன்னான்: "சாமி, நேரா நில்லுங்க சாமி."

அப்புறமென்ன? கள் இல்லாமல், கருவாடு இல்லாமல், பல்லைக் கடித்துக்கொண்டு பால் வெட்டினான். திருவிழா முடிந்து காப்பை அவிழ்த்தபோது நோட்டீசும் முடிந்திருந்தது. துரை கைகொடுத்து அனுப்பினார். மாயாண்டி தகரப்பெட்டியைத் தன் தலையில் சுமந்துகொண்டு பாலம்வரை வந்தான். "என் மானத்தக் காப்பாத்திட்டீங்க மாப்புள்ள" என்று கண்கலங்கினான். தம்புசாமியும் துண்டால் கண்ணைத் துடைத்தான். தூசி என்று சொல்லிக்கொண்டான்.

மலாக்காவில் பஸ் முதலாளி ரங்கசாமி வேலையைப் பத்திரமாக வைத்திருந்தார். காக்கிக் கோட்டையும் விசிலையும் கொடுத்தார்.

"ஒரு விஷயம். இங்கயும் வேலைய விடணும்னா ஒரு மாச நோட்டீசு."

"ஆகட்டும் மொதலாளி. உங்க கையிலயே குடுத்துடுறேன்."

"என்கிட்ட எதுக்கு? உன் வீட்டம்மாகிட்டக் குடு. 'என்னக் கேக்காம வேலைய விடமாட்டாரு'ன்னு சொல்லித்தானே அது உனக்கு இந்த வேலையப் பிடிச்சு வச்சிட்டுப் போச்சு!"