துரையின் குப்பியும் என் தேங்காய் நாரும்

அழுக்கைக் கண்டால் என் கை சும்மா இராது. இதை ஒரு நற்குணம் என்றே இருபத்திரண்டு வயது வரை நம்பியிருந்தேன்.

அப்போது இலங்கை மலையகத்தில், நோர்வூட்டுக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் நான் சின்னக் கிளாக்கர். வேலை நிரந்தரமாகவில்லை. (கலியாணமும் அதற்காகவே காத்திருந்தது. தோட்டத்து வெள்ளைக்காரத் துரை கையெழுத்துப் போட்ட நியமனக் கடிதத்தைப் பார்க்காமல் பெண் தருவதில்லை என்று பெண்ணின் அப்பா சொல்லிவிட்டார்.) துரை சீமைக்குத் திரும்பவிருந்தார். அவர் சேர்த்து வைத்திருந்த பழங்காலக் கண்ணாடிச் சாமான்களை வாங்கக் கொழும்பிலிருந்து ஒரு வக்கீல் வருவதாக ஏற்பாடு. பட்டியல் எழுதுவது என் பொறுப்பு.

நாற்பத்தொரு சாமான்களை நிறம், உயரம், கீறல் என்று பிசகில்லாமல் எழுதினேன். நாற்பத்திரண்டாவது, ஒரு சாண் உயரக் குப்பி. தண்ணீரில் மண்ணெண்ணெய் சிந்தியதுபோல மேலெல்லாம் ஊதாவும் பச்சையுமாக ஒரு படலம். என் அழகான பட்டியலில் ‘அழுக்கு’ என்று எழுத மனம் ஒப்பவில்லை.

பங்களாச் சமையல்காரர் அப்புவிடம் சாம்பலும் புளியும் கேட்டேன்.

“எதுக்குங்க கிளாக்கரையா? அந்தக் குப்பிய பத்து வருசமா நான் துணியாலகூட தொட்டதில்லைங்க.”

“அதனாலதான் அப்பு, இந்த லட்சணத்துல இருக்கு!”

அப்பு இரண்டையும் கொடுத்துவிட்டுக் கோழிக்கூட்டுப் பக்கம் போய்விட்டார். (சாட்சியாக நிற்க அவர் விரும்பவில்லை என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது.)

தேங்காய் நாரால் தேய்த்தேன். குப்பி டிஸ்பென்சரி மருந்துப் போத்தல்போலப் பளிச்சென்று ஆனது. ‘மிகச் சுத்தம்’ என்று எழுதிக் கோடும் போட்டேன்.

மறுநாள் துரையோடு வந்த வக்கீல் மற்றவற்றைத் திரும்பியும் பார்க்காமல் நேரே அந்தக் குப்பியிடம் போனார். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

“இது ரோமாபுரிக் கண்ணாடி, தம்பி. அந்த நிறம் வர ஆயிரம் வருசத்துக்கு மேல மண்ணுக்குள்ள கிடக்கணும். அதுக்காகத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். அதைப் போக்க உங்களுக்கு எவ்வளவு நேரம் பிடிச்சது?”

“முப்பத்தஞ்சு நிமிசமுங்க,” என்றேன். (சரியான விவரம் கேட்டால் சொல்லாமலிருக்க என்னால் முடியாது.)

துரையின் முகம் சிவந்தது. என் கலியாணம் கண்ணெதிரே கலைந்து போயிற்று. “ஆயிரம் வருசம், முப்பத்தஞ்சு நிமிசம்!” என்று திடீரென்று வக்கீல் சிரித்தார். துரையும் தலையில் கைவைத்துச் சிரித்தார்.

“நீ நாளைக்கு பேக்டரிக்குப் போ. அங்கே தேய்க்க நிறைய மெசின் இருக்கு,” என்றார் துரை.

நியமனக் கடிதம் வந்தது. பெண்வீட்டுக் கூடத்தில் அவள் அப்பா உரக்கப் படித்தார்: “சுத்தம் செய்வதில் அபார ஊக்கமுடையவர். தேயிலை ஆலைக்கு மிகவும் ஏற்றவர். எக்காரணம் கொண்டும் பங்களாவுக்குள் விடக் கூடாது.”

கதவுக்குப் பின்னால் சிரித்தவளைத்தான் கட்டிக்கொண்டேன். அந்தக் கடிதம் இன்று எங்கள் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகிறது. வாரம் ஒருமுறை அவளே துடைக்கிறாள். என்னைத் தொட விடுவதில்லை.