எட்டு எலுமிச்சம்பழம்

மாமனார் ஊரில் புது மாப்பிள்ளைக்கு ஓர் ஆபத்து உண்டு. அவன் என்ன உளறினாலும் யாரும் மறுத்துப் பேச மாட்டார்கள். இந்த மரியாதையை நம்பி, எழுபதுகளின் நடுவில், கல்யாணமான மூன்றாம் மாதம் நான் ஒரு டிராக்டரைக் கெடுத்தேன். (ஏற்கெனவே கெட்டிருந்ததைத்தான் கெடுத்தேன். அதற்கும் ஒரு திறமை வேண்டும்.)

அப்போது மதுரையில் ஒரு நாளிதழில் பிழை திருத்துபவனாக இருந்தேன். அடுத்தவர் பிழையைப் பிடித்துச் சம்பளம் வாங்குகிறவனுக்கு, தன்னிடம் பிழையே வராது என்று ஒரு நினைப்பு வந்துவிடும்.

மாமனாருக்குச் சின்னமனூர்ப் பக்கம் ஏழு ஏக்கர் நஞ்சை. மலைத் தோட்டத்தில் வெள்ளைக்காரர்கள் விட்டுப்போன சீமை டிராக்டர் ஒன்றை வாங்கி மாட்டுக் கொட்டத்தில் நிறுத்தியிருந்தார். எஞ்சின் ஓடியது, வண்டி நகரவில்லை. பின்பக்கப் பெட்டிக்குள் சக்கரங்களைச் சுற்றவைக்கும் பெரிய பல்சக்கரத்தில் ஆறு பல் இல்லை. அதை இருபுறமும் அணைத்து நிறுத்தும் இரும்பு வளையங்கள் உடைந்திருந்தன. செய்த கம்பெனியே இப்போது இல்லை என்றார்கள்.

“பார்ட்ஸ்தானே மாமா? நான் பாத்துக்கிறேன்” என்றேன். கறிக்குழம்பு சாப்பிட்ட வாய்.

மாமனார் அதை நம்பி, அடுத்த சந்தையிலேயே உழவு மாடுகளை விற்றுவிட்டார். ஆனியில் அணை திறந்து வாய்க்காலில் தண்ணீர் வந்ததும் நடவுக்கு வயலைச் சேறாக்கித் தொழி உழ வேண்டும். டிராக்டர் ஓடாவிட்டால் நாற்று நாற்றங்காலிலேயே முற்றிப்போகும்.

பெட்டியைத் திறந்தவர் செல்லையா. போடியில் ஏலத்தோட்ட ஜீப்புகளுக்கு வைத்தியம் பார்க்கும் மெக்கானிக். கழற்றுவதற்கு முன் எல்லாவற்றையும் வரைந்துகொள்ள வேண்டும் என்றேன். வண்டியின் பின்பக்கம் முழுக்க எண்ணெய்ச் சேறு. என் இடுப்பிலோ கல்யாணப் பட்டுக்கரை வேட்டி. அதனால் முன்பக்கம் எஞ்சின் மூடிமேல் சாக்கு விரித்து, பின்னால் திரும்பி உட்கார்ந்து, அழகாக வரைந்தேன். அளவு, பல் எண்ணிக்கை, தேதி எல்லாம் குறித்தேன், எங்கே உட்கார்ந்து வரைந்தேன் என்பதைத் தவிர.

பிறகு வேட்டை. மதுரைப் பழைய இரும்புக் கடைகளில் சிரித்தார்கள். குமுளியில் ஒரு மலையாளி, “இல்லா சாரே” என்று சொல்லிவிட்டுப் பரிவோடு டீ வாங்கிக் கொடுத்தார். கடைசியில் மேகமலைத் தோட்டமொன்றில் அதே சாதி டிராக்டர் பிணமாகக் கிடந்தது. நமக்கு வேண்டிய பல்சக்கரம் பழுதில்லாமல், தனியாகக் கழன்று பெட்டிக்குள் கிடந்தது. அதன்மேல் ஒரு கோழி உட்கார்ந்திருந்தது.

“இன்னைக்குத்தான் அடை வச்சேன். பதினோரு முட்டை. குஞ்சு பொரிக்காம கை வைக்கக்கூடாது” என்றார் காவலாளியின் மனைவி.

“மேனேஜரே எடுத்துக்கச் சொல்லிட்டாகம்மா.”

“மேனேஜரா அடை காக்குறாக?”

இருபத்தொரு நாள் காத்திருந்தோம். பதினொன்றில் ஒன்பது பொரித்தது. எங்கள் பல்சக்கரமும் கிடைத்தது.

உடைந்த வளையங்களைத் தேனி லேத் பட்டறையில் புதிதாகக் கடைந்தோம். ஒன்று தடிமன், மற்றது மெல்லிசு. பல்சக்கரம் நடுவில் நிற்காது. ஒரு பக்கமாக ஒதுங்கி நிற்கும். எந்தப் பக்கம் என்பதில்தான் உயிர் இருக்கிறது.

பூட்டும்போது செல்லையா வண்டியின் பின்னால் நின்றார். நானும் அவர் பக்கத்தில் நின்று வரைபடத்தைப் பிடித்தேன். “தடி வளையம் வலது பக்கம்.”

செல்லையா தலையைச் சொறிந்தார். “இடது பக்கமோன்னு ஒரு இது மாப்ள.”

“படத்தப் பாருங்க.”

“மாப்ள சொன்னா சரியாத்தான் இருக்கும். பின்சக்கரத்தத் தூக்கி நிறுத்தி ஒரு சுத்து சுத்திப் பாத்துருவமா?”

“நல்ல நேரத்துக்கு முந்தி சக்கரம் உருளக்கூடாது” என்றார் மாமனார். முதல்நாள்தான் வாய்க்காலில் தண்ணீர் வந்திருந்தது.

மறுநாள் காலை பூசை. நான்கு சக்கரத்துக்கு முன்னும் நான்கு எலுமிச்சம்பழம். செல்லையா ஏறி உட்கார்ந்தார். வண்டி முன்னால் போகும் என்பதால், பாதுகாப்பாக இருக்கட்டும் என்று அனைவரும் பின்னால் நின்றோம்.

முதல் கியர் விழுந்தது. டிராக்டர் எங்களை நோக்கி வந்தது.

மாமனார் வரப்பைத் தாண்டினார். அவர் அப்படித் தாண்டி யாரும் பார்த்ததில்லை. பதறிப்போன செல்லையா இரண்டாவது கியர் போட்டார். வண்டி இன்னும் வேகமாகப் பின்னால் போய் வைக்கோல் படப்பில் பாதி புதைந்து நின்றது. எலுமிச்சம்பழங்கள் நான்கும் வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தன.

யாராவது திட்டியிருக்கலாம். மாமனார் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: “சாப்ட்டீகளா மாப்ள?”

(அதைவிட அவர் ஓர் அறை கொடுத்திருக்கலாம்.)

“பாத்தீகளா, எனக்கு நேத்தே ஒரு மாதிரித்தான் இருந்துச்சு” என்றார் வைக்கோலுக்குள்ளிருந்து செல்லையா.

“அழுத்திச் சொல்ல வேண்டியதுதான?”

“மாப்ளகிட்ட எப்படிச் சொல்றது?”

முன்னால் உட்கார்ந்து வரைந்த படத்தைப் பின்னால் நின்று பார்த்ததில் வலது இடதாகி, பல்சக்கரம் பக்கம் மாறி நின்று சக்கரங்களை எதிர்த்திசையில் சுற்றியிருக்கிறது. வளையங்களை மாற்றிப் பூட்டுவதென்றால் மறுபடி முழுப் பெட்டியையும் கழற்ற வேண்டும்; குறைந்தது மூன்று நாள். தண்ணீர் முறை அதுவரை காத்திருக்காது. அப்போது என் மனைவி வசந்தா வாயைத் திறந்தாள்.

“முன்கியர் போட்டா பின்னால போகுதுன்னா, ரிவர்ஸ் போட்டா முன்னால வரும்ல?”

செல்லையா ரிவர்ஸ் போட்டார். டிராக்டர் படப்பைவிட்டு முக்கி முனகி வெளியே வந்து, நிதானமாக நான்கு பழத்தையும் நசுக்கியது.

ஏழு ஏக்கரையும் ரிவர்ஸ் கியரிலேயே உழுதோம். முன்னால் போக ஒரே கியர், பின்னால் போக மூன்று. குச்சனூர்ச் சனீஸ்வரனைக் கும்பிட வந்தவர்கள் வண்டியை நிறுத்திவிட்டு வரப்பில் நின்று பார்த்தார்கள். “இங்கன யாருக்கோ சனி உச்சத்துல இருக்குடோய்” என்றார் ஒருவர். நாற்று முற்றுவதற்குள் நடவு முடிந்தது. அறுவடைக்குப் பிறகு செல்லையா வளையங்களை இடம் மாற்றிப் பூட்டினார். அந்த மூன்று நாளும் என்னை மதுரையிலேயே இருக்கச் சொல்லிக் கடிதம் வந்தது, மிகுந்த மரியாதையோடு.

போன வருடம் வசந்தாவின் தம்பி மகன் கார் வாங்கினான். பூசாரி எலுமிச்சம்பழம் நான்கை எடுத்தார். பையன் அவர் கையைப் பிடித்தான்.

“எட்டா வைங்க சாமி. முன்னால நாலு, பின்னால நாலு.”

“எதுக்குப்பா?”

“மாமா வந்திருக்காக.”