கரைந்துபோன பெட்ரோல் டேங்க்

படிக்கிற காலத்தில் எனக்கு ஒரு வியாதி இருந்தது. எல்லோரும் ஒன்றைச் சரி என்று சொல்லிவிட்டால், நான் மட்டும் வேறொன்றைச் சொல்லியாக வேண்டும்.

சிதம்பரத்தில் பொறியியல் மூன்றாம் ஆண்டு. மாணவர்களே ரேஸ் கார் கட்டி ஓட்டும் போட்டி ஒன்றுக்குத் தயாராகிக்கொண்டிருந்தோம். பெட்ரோல் டேங்க் என் பொறுப்பு. ஸ்டீல் கனம், அலுமினியமே போதும் என்று குழு முடிவு செய்திருந்தது. சும்மா இருந்திருக்கலாம். (இருந்தால் அது நான் இல்லையே!)

"ஃபைபர்ல செஞ்சிடலாம். வெயிட்டே இருக்காது. சீட்டுக்குப் பின்னாடி இருக்குற வளைவுல கச்சிதமா உக்காரும்" என்றேன்.

இந்தத் தைரியத்துக்குக் காரணம், கடலூர் துறைமுகம் பக்கம் ஃபைபர் படகு கட்டும் என் அத்தை மகன் கதிர். போய்க் கேட்டதும் தலையைச் சொறிந்தான்.

"மச்சான், இது கடல் தண்ணிக்குத் தாங்கும். பெட்ரோலுக்குத் தாங்குமான்னு தெரியாது. இப்பல்லாம் அதுல வேற என்னென்னமோ கலக்குறாங்க. ஒரு துண்டு தரேன், ஒரு வாரம் ஊறப்போட்டுப் பாரு."

"கடலையே தாங்குது, அஞ்சு லிட்டர் பெட்ரோலத் தாங்காதா?"

அவன் துண்டை வெட்டிக் கொடுத்தான். ஒரு மணி நேரம் ஊறப்போட்டேன். ஒன்றும் ஆகவில்லை. குழுவிடம் போய், "ஒரு வாரம் டெஸ்ட் பண்ணியாச்சு" என்றேன். வாய் கூசாமல் வந்தது பொய்.

டேங்கைச் செய்து மாட்டி, பெட்ரோல் ஊற்றினோம். வயரிங் கோளாறால் வண்டி பத்து நாள் அப்படியே நின்றது. பிறகு ஒரு காலையில் மைதானத்தில் முதல் ஓட்டம். ஓட்டியது பரங்கிப்பேட்டை ரியாஸ், என் ஹாஸ்டல் அறை நண்பன். இரண்டு சுற்று ஜோராக ஓடியது. மூன்றாவதில் இருமி இருமி நின்றது.

"மாப்ள, முதுகுல சில்லுன்னு இருக்குடா" என்றான் ரியாஸ்.

"வேர்வைடா. மறுபடி ஸ்டார்ட் பண்ணு!"

சாவியில் கை வைத்தவன் நிறுத்தி, மூக்கை உறிஞ்சினான். எனக்கும் அப்போதுதான் வாடை அடித்தது. பாய்ந்துபோய்ப் பெல்ட்டைக் கழற்றி அவனை வெளியே இழுத்தேன். சட்டை முழுக்கப் பெட்ரோல். ஒரு சாண் தள்ளிக் கொதிக்கும் சைலன்சர். டேங்கைத் தொட்டால், டீயில் நனைத்த ரஸ்க் மாதிரி விரல் உள்ளே போனது. ஃபைபரிலிருந்து கரைந்த பிசின்தான் பெட்ரோல் குழாயில் போய் அடைத்திருந்தது.

அன்று மாலை, சிவந்து எரிந்த அவன் முதுகில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டே உண்மையைச் சொன்னேன்.

"மாட்டுறதுக்கு முன்னாடி சொல்லியிருந்தா, நான் உக்காந்திருக்க மாட்டேன்ல?" என்று மட்டும் கேட்டான்.

அந்த வருடம் போட்டிக்குப் போகவில்லை.

என் கல்யாணத்துக்கு ரியாஸ் பெரிய எவர்சில்வர் குடம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தான். "தங்கச்சி, இது கரையாது. இவன நம்பி வேற எதையும் வாங்கிடாத!" மண்டபமே சிரித்தது. வீட்டுக்கு யார் வந்தாலும் என் மனைவி அந்தக் குடத்தைக் காட்டி, ரஸ்க் வரைக்கும் நடித்துக் காட்டுவாள்.

போன மாதம் அவள் சொல்வதை முதல்முறையாக முழுதாகக் கேட்டேன். "பாவம், இவரு ஒரு வாரம் ஊறப்போட்டுத்தான் பாத்திருக்காரு. அப்பயும் ஏமாத்திடுச்சு" என்றாள். ரியாஸ் அவளிடம் அப்படித்தான் சொல்லியிருக்கிறான்.