மச்சான் கத்தியில் அலை

கத்தியில் தவசியின் மீசை தெரிந்தது. அலை தெரியவில்லை.

"எங்கண்ணன் கத்தி என்ன இப்படி மின்னுது?" என்றாள் அவன் மனைவி நாகலெட்சுமி. "மேல நெளிநெளியா அலை ஓடுமே, எங்க?"

"நுனியில மட்டும் துரு இருந்துச்சு. நாளைக்கு ஆயுத பூசை. கருப்பசாமி முன்னால துருவோடயா வைக்க? உப்புத்தாள் போட்டேன். நுனி பளிச்சுன்னு ஆயிருச்சு. மிச்சம் மங்கலாத் தெரிஞ்சுச்சு..."

"அதையும் தேய்ச்சிட்டீக."

அது டமாஸ்கஸ் கத்தி; இரண்டு வித இரும்பை அடுக்கி அடிப்பதால் அலை விழுவது. அவள் அண்ணன் நாகநாதன் மஸ்கட்டை விட்டு வந்தபோது கொண்டுவந்தது. இரண்டு வருசம் அவர் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் இருந்தது. சித்திரையில், மருமகள் காதுகுத்துக் கிடாய்க்கு இதுதான் என்று கொடுத்தார். யாரும் தேய்க்கக் கூடாது என்றும் சொன்னார்.

காதுகுத்து ஞாயிற்றுக்கிழமை. பிள்ளையை மடியில் வைக்க வேண்டிய தாய்மாமன் அவர்தான். பந்தியில் தன் இலைக்கு எலும்பு மட்டும் விழுந்ததற்காக ஒரு கல்யாணத்தை விட்டே எழுந்து போனவர்.

"மடி கெடைக்காது," என்றாள் நாகலெட்சுமி. "ஊரு சிரிக்கும்."

தவசி கத்தியைப் புளிக்கரைசலில் ஊறப்போட்டான். தோசைக்கல் மாதிரி கறுத்தது. உப்புத்தாள் போட்டான். எலுமிச்சம்பழம் தேய்த்தான். தேமல் விழுந்தது. மறுபடி உப்புத்தாள். கத்தி இளைத்தது.

பெரியபட்டினத்தில் ரேடியோ பழுது பார்க்கும் கனியிடம் ஓடினான். செம்புத் தகட்டை அரிக்க அவரிடம் ஒரு திராவகம் உண்டு. கனி கத்தியை முக்கி எடுத்து, மூக்கருகே பிடித்துப் பார்த்தார்.

"இரும்புக்குள்ள அலை இருந்தா இந்நேரம் எந்திரிச்சு வந்திருக்கணும் தவசி. ஒண்ணையும் காணோமே."

"அம்புட்டையும் தேய்ச்சிட்டேனா பாய்?"

"என்ன தேய்ப்புத் தேய்ச்சியோ! சரி, வீட்ல நகப்பாலிஷ் இருக்கா? அதுல கோடு போட்டு இதுல முக்கு. கோடு வெள்ளையா நிக்கும், மத்த எடம் கறுக்கும். பெறகு பாலிஷச் சொரண்டிரு."

தவசி கோடு போட்டான். அவனுக்குத் தெரிந்த கோடு ஏர்க்கோடுதான். அலை கத்தியின் ஓரம்வரை நேராகப் போய், வரப்பில் மாடு திரும்புவதுபோல் திரும்பி வந்தது.

ஞாயிற்றுக்கிழமை நாகநாதன் செருப்பைக் கழற்றும் முன்பே கேட்டார்: "மாப்ள, கத்திய எடு."

வாங்கி வெயிலில் பிடித்தார். திருப்பினார். கட்டைவிரலால் தடவினார். அவர் நெற்றி வேர்த்தது. பிள்ளையின் மொட்டைத் தலையில் சந்தனம் காய்ந்துகொண்டிருந்தது. ஆசாரி ஊசியோடு காத்திருந்தார்.

"மச்சான்..." என்றான் தவசி.

"பேசாத."

நாகநாதன் மனைவி முருகேஸ்வரி எட்டிப் பார்த்தாள். கைப்பிடி ஓரத்தில் ஒட்டியிருந்த சிவப்பை நகத்தால் சுரண்டினாள்.

"நாகலெட்சுமி போடுறது சிவப்பாண்ணே?" என்றாள். "போன வருச ஆயுத பூசைக்கு இவுக இந்தக் கத்திக்கு என்னோட ரோஸ் பாலிஷையில்ல தீத்துப்புட்டாக!"